ட்ரோன் படம் ஏன் கறுப்பாகத் திறக்கிறது? அறிவியல் படக்கோப்புகளைச் சரியாகப் படிப்பது எப்படி

செம்பனைத் தோட்டத்துக்கு மேலே ட்ரோன் பறந்தால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இப்போது யாரும் கைவேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பதில்லை. பறந்து முடிந்ததும் பென்டிரைவில் நூற்றுக்கணக்கான கோப்புகள் வந்து சேர்கின்றன, குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. தோட்ட அலுவலகத்தில் கிராணி ஒரு கோப்பைத் திறக்கிறார், முழுக்கக் கறுப்பு. அடுத்ததும் கறுப்பு. ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர், காசு கொடுத்து எடுத்த படம் கெட்டுப்போய்விட்டது என்றே முடிவு செய்துவிடுகிறார். கல்லூரியில் படிக்கும் பிள்ளை அதை ஏதோ ஓர் இணையதளத்தில் ஏற்றி ஜேபெக்காக மாற்றித் தருகிறது, ஏதோ கொஞ்சம் தெரிகிறது, எல்லாருக்கும் நிம்மதி.

கெட்டது அந்த மாற்றத்தில்தான். கறுப்பாகத் தெரிந்த மூலக்கோப்பில் ஒரு குறையும் இருந்திருக்காது. இதைப் புரிந்துகொள்ளாமல் போனால் நல்ல மரத்தை நோய் மரம் என்று குறித்துவிடுவோம், நோய் பிடித்த டிவிஷனை விட்டுவிட்டு அடுத்த டிவிஷனுக்கு மருந்து அனுப்புவோம். அறிவியல் படக்கோப்பு திறக்கவே மறுத்தால் பெரிய ஆபத்து இல்லை, யாரையாவது கேட்டுச் சரிசெய்துகொள்வோம். தப்பாகத் திறந்து, சரியாகத் திறந்ததுபோலவே காட்சி தரும் கோப்புதான் நஷ்டம் வைக்கும். அது எப்படி நடக்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

படத்துக்குள் இருப்பது அளவை எண்கள்

கைப்பேசியில் எடுக்கும் படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மனிதக் கண் பார்த்து ரசிப்பதற்காக அமைந்த எண்கள் அவை. அறிவியல் படத்தில் பிக்சல் ஓர் அளவை. இலையிலிருந்து எவ்வளவு அகச்சிவப்பு ஒளி திரும்பியது, அந்த இடத்தின் வெப்பம் என்ன, தரை கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று ஏதோ ஒன்றை அளந்து எழுதிய எண். ஆகவே அது 255க்குள் அடங்க வேண்டிய அவசியம் இல்லை. 65,535 வரை போகலாம், கழித்தல் எண்ணாக இருக்கலாம், 0.8134 போலத் தசம எண்ணாகவும் இருக்கலாம்.

படம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. டிஜேஐ நிறுவனத்தின் மேவிக் 3 மல்ட்டிஸ்பெக்ட்ரல் ட்ரோனை எடுத்துக்கொண்டால், ஒரு முறை படம் பிடிக்கும்போது ஒரு சாதாரண வண்ணப்படமும், பச்சை, சிவப்பு, சிவப்பு விளிம்பு, அண்மை அகச்சிவப்பு என்ற நான்கு அலைவரிசைகளுக்குத் தனித்தனிக் கோப்புகளும் கிடைக்கின்றன. சென்டினல்-2 செயற்கைக்கோளில் இப்படி 13 அலைவரிசைகள். கணினியில் இருக்கும் சாதாரணப் படக்காட்டி இதையெல்லாம் எதிர்பார்த்துச் செய்யப்பட்டது இல்லை.

கறுப்பு எங்கிருந்து வருகிறது

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். பல கேமராக்களின் உணரி 12 பிட் அளவில் அளக்கிறது, அதாவது 0 முதல் 4,095 வரை. கோப்பில் 12 பிட்டுக்கென்று வழக்கமாகத் தனி அறை கிடையாது, எனவே 16 பிட் அறையில் வைக்கிறார்கள், அந்த அறையின் உச்சம் 65,535. படக்காட்டி என்ன செய்கிறது? 65,535ஐ வெள்ளை என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் 0 முதல் 255க்குள் சுருக்குகிறது. அப்போது நம் படத்தின் மிகப் பிரகாசமான புள்ளியான 4,095, திரையில் ஏறக்குறைய 16 ஆகிறது. 255க்கு 16. நல்ல வெயிலில் பளபளக்கும் தகரக் கூரைக்கே 16தான் கிடைக்கும் என்றால் மரத்துக்கு என்ன கிடைக்கும்? கண்ணுக்கு எல்லாம் கறுப்பு.

கியூஜிஐஎஸ் போன்ற வரைபட மென்பொருளில் அதே கோப்பைத் திறந்தால் மரம் மரமாகத் தெரியும். ஏனென்றால் அது கோப்பிலுள்ள சிறிய, பெரிய எண்களைப் பார்த்து, அந்த எல்லைக்குள் வெளிச்சத்தை இழுத்துக் காட்டுகிறது. எண்களைத் தொடுவதில்லை, காட்சியை மட்டும் மாற்றுகிறது. ஜேபெக் மாற்றத்தில் நடப்பது வேறு: 4,096 படிகள் இருந்த இடத்தில் அதிகபட்சம் 256 படிகள், அதற்கு மேல் கோப்பு சிறிதாக வேண்டும் என்று அக்கம்பக்கத்துப் பிக்சல்களின் எண்களையும் தோராயமாக்கிவிடும். பிறகு மூல எண்ணைத் திரும்பப் பெற வழியே இல்லை. மூலக்கோப்பை அழித்துவிட்டு ஜேபெக்கை மட்டும் வைத்துக்கொள்வது, தராசுச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு லாரியின் படத்தை வைத்துக்கொள்வதைப் போன்றது.

கோப்பின் வாலை நம்ப வேண்டாம், தலையைப் பாருங்கள்

கோப்பின் பெயர் முடிவில் புள்ளிக்குப் பிறகு வரும் எழுத்துகளை வைத்துத்தான் கணினி எந்த மென்பொருளைத் திறக்கலாம் என்று முடிவு செய்கிறது. ஆனால் அந்த வால் வெறும் பெயர்தான், யார் வேண்டுமானாலும் மாற்றலாம். நுண்ணோக்கி நிறுவனங்கள் தங்கள் சொந்த வாலை ஒட்டி வைத்திருக்கும், உள்ளே பார்த்தால் டிஃப் என்ற சாதாரணப் பட வடிவமாக இருக்கும். நெட்சிடிஎஃப், எச்டிஎஃப் இரண்டும் அறிவியல் தரவை வைக்கும் வடிவங்கள்; புதிய நெட்சிடிஎஃப்4 கோப்பு உள்ளே ஓர் எச்டிஎஃப்5 கோப்புதான். எச்டிஎஃப்4, எச்டிஎஃப்5 இரண்டும் பெயரில் அண்ணன் தம்பி போலத் தெரிந்தாலும் ஒன்றைப் படிக்கும் நிரல் மற்றதைப் படிக்காது, பைதான் நிரல்மொழியில் எச்டிஎஃப்5 படிக்கும் எச்5பை என்ற நிரல் நூலகத்தை வைத்துக்கொண்டு எச்டிஎஃப்4 கோப்போடு மல்லுக்கட்டி ஒரு நாள் முழுவதையும் வீணாக்கலாம்.

நம்பத் தகுந்தது கோப்பின் முதல் சில பைட்டுகள். பைட் மதிப்பை எண்ணாகக் காட்டும் ஏதாவது ஓர் எளிய கருவியில் திறந்து பாருங்கள்:

1. 73 73 42 0 அல்லது 77 77 0 42 என்று தொடங்கினால் அது டிஃப். 42க்குப் பதில் 43 இருந்தால் பிக்டிஃப், அதாவது 4 ஜிபிக்கு மேல் போகும் கோப்புகளுக்கான வடிவம். பழைய மென்பொருள் பெரிய தோட்டப் படத்தைத் திறக்க மறுப்பதற்கு இந்த 43 ஒரு முக்கியக் காரணம்.
2. 255 216 255 என்றால் ஜேபெக்.
3. 137 72 68 70 என்றால் எச்டிஎஃப்5.
4. 0 0 0 12 106 80 என்றால் ஜேபெக் 2000. பெயரில் ஜேபெக் இருந்தாலும் சாதாரண ஜேபெக்குக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சென்டினல்-2 படங்கள் இதில்தான் வருகின்றன.
5. 80 75 என்றால் அது ஜிப் கோப்பு, முதலில் பிரித்தாக வேண்டும்.
6. முதல் 128 பைட்டுகள் எதுவாகவோ இருந்து, அதற்கடுத்து 68 73 67 77 வந்தால் டைகாம், மருத்துவமனை ஸ்கேன்.

ஒரு நிமிட வேலை. வாலை மாற்றிப் பெயர் வைத்த கோப்பு இதிலேயே பிடிபட்டுவிடும்.

மென்பொருளுக்குத் தெரிந்தாக வேண்டியவை

வடிவம் தெரிந்தால் மட்டும் போதாது. எண்கள் வரிசையாக எழுதப்பட்ட நீளமான நாடா ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் படமாக்க மென்பொருள் சில கேள்விகளுக்கு விடை கண்டாக வேண்டும். நல்ல வடிவங்கள் இந்த விடைகளைக் கோப்பின் தலைப்பகுதியிலேயே, அதாவது ஹெட்டரிலேயே, எழுதி வைக்கின்றன. மற்றவற்றில் நாம் சொல்ல வேண்டும்.

1. எண்ணின் வகை. எத்தனை பிட், கழித்தல் குறி உண்டா, தசமமா? 40,000 என்ற 16 பிட் எண்ணைக் கழித்தல் குறி உண்டு என்று நினைத்துப் படித்தால் அது −25,536 ஆகிவிடும். வானியலில் வழங்கும் ஃபிட்ஸ் வடிவத்தில் 16 பிட் எண்ணுக்குக் கழித்தல் குறி எப்போதும் உண்டு, எனவே 32,768ஐக் கழித்து எழுதி, திரும்பக் கூட்டிக்கொள்ளும்படி ஹெட்டரில் குறிப்பு வைக்கிறார்கள். ஆஸ்ட்ரோபை நூலகம் அந்தக் குறிப்பைப் பார்த்துத் தானே கூட்டிவிடும், கையால் பைட் பைட்டாகப் படிப்பவர் மறந்தால் போச்சு.

2. பைட் வரிசை. 16 பிட் எண்ணுக்கு இரண்டு பைட் தேவை. சிறிய பைட் முன்னாலா, பெரிய பைட் முன்னாலா? 18, 52 என்று இரண்டு பைட்டுகள் அடுத்தடுத்து இருந்தால் ஒரு முறையில் அது 13,330, மற்ற முறையில் 4,660. டிஃப் கோப்பு 73 73 என்றோ 77 77 என்றோ தொடங்குவதன் அர்த்தம் இதுதான், எந்த வரிசை என்று முதல் இரண்டு பைட்டிலேயே சொல்லிவிடுகிறது. தப்பாகப் படித்தால் படம் மணலைக் கொட்டியதுபோல இருக்கும், எனவே இந்தப் பிழை பெரும்பாலும் கண்ணிலேயே பிடிபடும்.

3. அலைவரிசைகளின் அடுக்கு. நான்கு அலைவரிசை இருந்தால், முதல் அலைவரிசை முழுப் படமும் முடிந்து இரண்டாவது தொடங்குகிறதா, ஒவ்வொரு வரியிலும் நான்கும் மாறி மாறி வருகிறதா, ஒவ்வொரு பிக்சலுக்கும் நான்கு எண்களா? மூன்றும் புழக்கத்தில் உண்டு.

4. முதல் வரி மேலேயா கீழேயா. இடக்குறிப்பும் சேர்ந்த டிஃப்பான ஜியோடிஃப்பில் வழக்கமாக முதல் வரி வடக்கு. ஃபிட்ஸில் முதல் வரியைக் கீழே வைத்துக் காட்டுவது வழக்கம். மழை, வெப்பநிலைத் தரவு வரும் நெட்சிடிஎஃப் கோப்புகள் பலவற்றில் அட்சரேகை தெற்கிலிருந்து வடக்காக ஏறும், அதைக் கவனிக்காமல் வரைந்தால் தலைகீழாக வரும். தீபகற்பத்தின் முழுப் படம் தலைகீழானால் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஒரே மாதிரி நிரை நிரையாக நட்ட செம்பனை பிளாக் தலைகீழானால் யாருக்குத் தெரியும்? வடக்கு மூலையிலுள்ள நோய் தெற்கு மூலையில் தெரியும், ஆளும் அங்கேதான் போவார்.

5. வெற்றிடத்தின் அடையாள எண். அளக்காத இடத்தை 0, −9999, 65535 என்று ஏதாவது ஓர் எண்ணால் நிரப்பி வைப்பார்கள். மென்பொருளுக்கு அது தெரியாவிட்டால் அளவை என்றே எண்ணிவிடும். 40 மீட்டர் உயரத்தில் சமமாகக் கிடக்கும் ஒரு நிலத்துக்கு 1,000 பிக்சல், அதில் வெறும் 10 பிக்சல் −9999 என்று வைத்துச் சராசரி போடுங்கள். −60.4 மீட்டர் வரும். தோட்டம் கடலுக்கடியில் போய்விடும்.

6. இடம். எந்த ஆயத்தொலைவு முறை? சுங்கை சிப்புட் 102 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேற்கே இருப்பதால் செயற்கைக்கோள் படங்கள், உலகை மண்டலங்களாகப் பிரிக்கும் யுடிஎம் முறையின் 47 வடக்கு மண்டலத்தில் வரும். தீபகற்ப வரைபடங்களுக்கு ஆர்எஸ்ஓ என்ற வேறு முறை உண்டு, நில அளவையாளர் தரும் மனைப் படங்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் கசினி முறையில் இருக்கலாம். செம்பனையை 9 மீட்டர் முக்கோண இடைவெளியில் நட்டால் ஒரு எக்டருக்குச் சுமார் 143 மரம், அதாவது ஒரு மரத்துக்கு 70 சதுர மீட்டர். சென்டினல்-2இன் ஒரு பிக்சல் 100 சதுர மீட்டர். ஒரு பிக்சல் தள்ளி விழுந்தாலே நாம் பார்ப்பது பக்கத்து மரத்தை, முறை மாறி விழுந்தால் பக்கத்துத் தோட்டத்தை.

7. பெருக்கவும் கூட்டவும் வேண்டிய எண்கள். இதுதான் எல்லாவற்றிலும் அதிகம் ஏமாற்றுவது, கீழே தனியாகவே பார்ப்போம்.

ஹெட்டர் தொலைந்த கோப்பு

என்வி என்ற வடிவத்தில் எண்கள் ஒரு கோப்பிலும், அதை விளக்கும் ஹெட்டர் இன்னொரு சின்ன எழுத்துக் கோப்பிலும் இருக்கும். எவ்வளவு நல்ல ஏற்பாடு பாருங்கள், ஹெட்டரைச் சாதாரண எழுத்துச் செயலியிலேயே திறந்து படிக்கலாம். ஆனால் அனுப்புகிறவர் பெரிய கோப்பை மட்டும் அனுப்பிவிட்டுச் சின்னதை வேண்டாதது என்று விட்டுவிடுவார். அப்புறம் கையில் இருப்பது நாடா மட்டும்.

அதையும் மீட்கலாம். கோப்பின் அளவை பைட் கணக்கில் பாருங்கள். 41,60,000 பைட் என்று வைத்துக்கொள்வோம். கேமரா 1,600க்கு 1,300 பிக்சல் என்று தெரிந்தால், 1,600 × 1,300 = 20,80,000, அதை இரண்டு பைட்டால் பெருக்கினால் மிகச் சரியாக 41,60,000. ஆகவே 16 பிட், ஒரே அலைவரிசை, ஹெட்டர் எதுவும் உள்ளே இல்லை. 512 பைட் கூடுதலாக இருந்தால் ஆரம்பத்தில் 512 பைட் ஹெட்டர் இருக்க வாய்ப்பு, அதைத் தாண்டிப் படிக்கச் சொல்ல வேண்டும். இமேஜ்ஜே மென்பொருளில் மூலத்தரவை இறக்குமதி செய்யும் வசதியில் அகலம், உயரம், எண்ணின் வகை, தாண்ட வேண்டிய பைட், பைட் வரிசை ஆகியவற்றைக் கொடுத்தால் படம் வந்துவிடும்.

அகலம் தெரியாவிட்டால் ஊகித்துப் பார்க்கத்தான் வேண்டும். ஊகம் ஒரே ஒரு பிக்சல் தப்பினாலும் ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைவிட ஒரு பிக்சல் நகர்ந்து, நேராக ஓட வேண்டிய நிரை சாய்ந்துகொண்டே போகும். சாய்வைப் பார்த்து அகலத்தைக் கூட்டியோ குறைத்தோ, நிரை நிமிரும் வரை சரிசெய்யலாம். கணினியில் இதைச் செய்து, சாய்ந்து கிடந்த தோட்டம் ஒரு எண்ணை மாற்றியதும் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தால், படக்கோப்பு என்பது எண்களின் வரிசைதான் என்பது மனதில் நன்றாகப் பதிந்துவிடும்.

2022 ஜனவரி 25: ஆயிரம் கூடிய நாள்

ஏழாவது கேள்விக்கு வருவோம். தசம எண்ணைக் கோப்பில் வைத்தால் இடம் அதிகம் பிடிக்கும். அதனால் அளவையைப் பெருக்கி முழு எண்ணாக்கி வைக்கிறார்கள். மோடிஸ் செயற்கைக்கோள் தரவில் பயிர்க் குறியீடு 8,200 என்று இருந்தால் அதை 0.0001ஆல் பெருக்கி 0.82 என்று படிக்க வேண்டும். லேண்ட்சாட் செயற்கைக்கோள் தரவின் இரண்டாம் தொகுப்பில், தரைப் பிரதிபலிப்புக்கு, அதாவது தரையில் பட்ட ஒளியில் திரும்பி வரும் பங்குக்கு, 0.0000275ஆல் பெருக்கி 0.2ஐக் கழிக்க வேண்டும். சில வெப்பக் கேமராக்கள் கெல்வினில் நூறில் ஒரு பங்கை எழுதுகின்றன, 30,515 என்றால் 305.15 கெல்வின், அதாவது 32 டிகிரி செல்சியஸ்.

சென்டினல்-2இல் நீண்ட காலம் கணக்கு எளிது: 10,000ஆல் வகுத்தால் பிரதிபலிப்பு. 2022 ஜனவரி 25 முதல் ஐரோப்பிய விண்வெளி முகமை தன் செயலாக்கத்தின் 04.00 பதிப்பைக் கொண்டுவந்தது. மிக இருண்ட இடங்களில் திருத்தத்துக்குப் பின் அளவை சுழியத்துக்குக் கீழே போவதுண்டு, கழித்தல் குறி இல்லாத எண்ணில் அதை எழுத முடியாது. எனவே எல்லா எண்களோடும் 1,000 கூட்டி வைத்தார்கள். படிப்பவர் முதலில் 1,000ஐக் கழித்து, பிறகு 10,000ஆல் வகுக்க வேண்டும். உள்ளே வரும் விளக்கக் கோப்பில் தெளிவாக எழுதியும் இருக்கிறது. அதைப் படிக்காத நிரல்களுக்கு என்ன ஆகும்?

மரத்தின் பசுமையைக் கணிக்கப் பரவலாகப் பயன்படும் குறியீடு என்டிவிஐ. அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது. ஒரு செம்பனை பிக்சலில் சிவப்பு 1,400, அண்மை அகச்சிவப்பு 4,600 என்று கோப்பில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஆயிரத்தைக் கழிக்காமல்: 3,200 ÷ 6,000 = 0.53.
2. ஆயிரத்தைக் கழித்து: சிவப்பு 400, அகச்சிவப்பு 3,600, எனவே 3,200 ÷ 4,000 = 0.80.

அதே மரம், அதே நாள், அதே கோப்பு. 0.80 என்பது தளதளவென்று நிற்கும் மரம். 0.53 என்றால் ஏதோ கோளாறு என்று ஆள் அனுப்புவார்கள். படம் அழகாகத் திறந்திருக்கும், எங்கேயும் பிழைச் செய்தி வராது. 2021 டிசம்பர் படத்தையும் 2022 பிப்ரவரி படத்தையும் ஒப்பிட்ட ஒருவருக்கு, தோட்டம் முழுவதும் இரண்டே மாதத்தில் வாடியதாகத் தெரியும். பால்மரம் ஆண்டின் தொடக்க மாதங்களில் இலை உதிர்ப்பது நமக்குத் தெரிந்ததே. ஆகவே பால்மரத் தோட்டத்தில் இந்தச் சரிவைப் பார்ப்பவர், இலையுதிர்வுதான் என்று சந்தேகமே இல்லாமல் ஏற்றுக்கொள்வார். செம்பனையில் பார்ப்பவர் கெனோடெர்மா பூஞ்சையை நினைத்துக் கலங்குவார். கெனோடெர்மா வந்தால் மரத்தின் அடித்தண்டு அழுகி, விரியாத குருத்துகள் குத்தீட்டி போல நின்று, கடைசியில் மரமே சாய்ந்துவிடும், எனவே அந்தக் கலக்கம் நியாயமானது. அதனாலேயே ஒரு கழித்தல் கணக்கை விட்டதால் வந்த பொய்யான 0.53ஐப் பிடித்தாக வேண்டும்.

தேதியை மட்டும் பார்த்து முடிவு செய்யவும் முடியாது. பழைய படங்களையும் புதிய முறையில் மறுபடி செயலாக்கி வெளியிட்டிருக்கிறார்கள். கோப்புப் பெயரிலேயே செயலாக்கப் பதிப்பு நான்கு இலக்கத்தில் இருக்கும். 0301 என்றால் பழையது, 0400 அல்லது அதற்கு மேல் என்றால் ஆயிரம் கூடியது. செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே கணக்கிட உதவும் கூகுள் எர்த் எஞ்சினில் இரண்டையும் சமப்படுத்திய தனித் தொகுப்பே இருக்கிறது, அதை எடுத்தால் மறுபடி ஆயிரத்தைக் கழிக்கக் கூடாது.

இன்னொரு சிக்கல், சில நூலகங்கள் இந்தப் பெருக்கலையும் கூட்டலையும் தாங்களே செய்துவிடும், சில செய்யாது. ஒரே நெட்சிடிஎஃப்4 கோப்பை நெட்சிடிஎஃப்4 பைதான் நூலகத்தில் திறந்தால் பெருக்கி முடித்த எண் வரும், எச்5பையில் திறந்தால் கோப்பிலுள்ள மூல எண் அப்படியே வரும். இரண்டு பேர் ஒரே கோப்பை வைத்துக்கொண்டு வேறு வேறு விடை சொன்னால் இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள்.

வெப்பப் படமும் வாட்ஸ்அப்பும்

வெப்பக் கேமரா தரும் படம் பார்வைக்குச் சாதாரண ஜேபெக் போலவே இருக்கும், எந்தக் கைப்பேசியிலும் திறக்கும். ஃபிளிர், டிஜேஐ நிறுவனங்களின் வெப்ப ஜேபெக் கோப்புகளில் வண்ணப்படத்துக்குப் பக்கத்தில், ஜேபெக்கின் துணைப் பகுதிகளுக்குள், ஒவ்வொரு பிக்சலின் மூல வெப்ப அளவும் ஒளிந்திருக்கிறது. நிறுவனத்தின் மென்பொருளோ எக்சிஃப்டூல் போன்ற கருவியோ அதை எடுத்துத் தரும்.

இந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் என்ன ஆகும்? வாட்ஸ்அப் அதை மறுபடி சுருக்கி, துணைப் பகுதிகளைக் கழற்றிவிடும். மேலாளருக்கு வந்து சேர்வது சிவப்பும் மஞ்சளுமாக ஒரு வண்ணப்படம் மட்டும், வெப்பநிலை ஒரு டிகிரிகூட உள்ளே இருக்காது. அந்தச் சிவப்பை வைத்து யாரும் வெப்பநிலையைக் கணக்கிடவும் முடியாது, ஏனென்றால் எந்த வண்ணம் எந்த டிகிரி என்பது படத்துக்குப் படம் மாறும். ஆவணமாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். தயவுசெய்து ஆவணமாக அனுப்புங்கள்.

எதை எதில் திறப்பது

நல்ல செய்தி, இதற்கெல்லாம் இலவச மென்பொருள் இருக்கிறது. நிலம் சார்ந்த படங்களுக்கு ஜிடிஏஎல் நூலகம், 1998இல் ஃபிராங்க் வார்மர்டாம் தொடங்கியது. ஜியோடிஃப், ஜேபெக் 2000, எச்டிஎஃப், நெட்சிடிஎஃப், என்வி எல்லாவற்றையும் படிக்கும். கியூஜிஐஎஸ், பைதானின் ராஸ்டீரியோ, ஆர் மொழியின் டெர்ரா எல்லாம் உள்ளுக்குள் அதையே நம்பியிருக்கின்றன. அதன் தகவல் கட்டளையை ஓட்டினால் மேலே சொன்ன ஏழு கேள்விகளில் பலவற்றுக்கும் விடையை ஒரே பட்டியலாகத் தந்துவிடும். கணக்கு தொடங்கும் முன் அதை ஒரு தடவை படியுங்கள்.

நுண்ணோக்கிப் படங்களுக்கு இமேஜ்ஜே, அதோடு பயோஃபார்மட்ஸ் நீட்சி. ஒவ்வொரு நுண்ணோக்கி நிறுவனமும் தனக்கென்று ஒரு வடிவம் வைத்திருப்பதால் 150க்கும் மேற்பட்ட வடிவங்களைப் படிக்கும்படி அதை வளர்த்திருக்கிறார்கள். பூஞ்சை மாதிரியை நுண்ணோக்கியில் எடுக்கும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரே கோப்பில் பல ஆழங்கள், பல நிறங்கள், பல நேரங்கள் அடுக்கடுக்காக இருக்கும், சாதாரணப் படக்காட்டி முதல் பக்கத்தை மட்டும் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும். ஒரு பிக்சல் எத்தனை மைக்ரோமீட்டர் என்பதும் மூலக்கோப்பில்தான் இருக்கிறது, அதைத் தொலைத்துவிட்டால் பூஞ்சை வித்தின் அளவைச் சொல்ல முடியாது.

ஈப்போவில் ஸ்கேன் எடுத்துக் குறுவட்டோடு வீடு திரும்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதிலிருப்பது டைகாம். சிடி ஸ்கேனில் ஒவ்வொரு எண்ணையும் பெருக்கிக் கூட்டினால்தான் காற்று −1000, நீர் 0 என்ற அளவு வரும். சில எக்ஸ்ரே கோப்புகளில் சிறிய எண்ணே வெள்ளை, அந்தக் குறிப்பைப் பார்க்காத மென்பொருள் கறுப்பை வெள்ளையாக, வெள்ளையைக் கறுப்பாகத் திருப்பிக் காட்டும். வீட்டுக் கணினியில் திரையைப் படம் பிடித்து உறவினருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டாம், குறுவட்டையே டாக்டரிடம் கொடுங்கள்.

திறந்ததும் செய்ய வேண்டிய சோதனை

எந்தக் கோப்பாக இருந்தாலும், விடை முன்பே தெரிந்த ஓர் இடத்தில் முதலில் அளந்து பாருங்கள்.

1. கோயில் கூரை, ஆலையின் புகைபோக்கி, சாலைச் சந்திப்பு என்று தலைகீழானால் உடனே தெரியும் ஓர் அடையாளத்தைத் தேடி, அது இருக்க வேண்டிய திசையில் இருக்கிறதா என்று பாருங்கள். இடவலம் மாறியிருந்தாலும் இதில் தெரிந்துவிடும்.
2. மிகச் சிறிய எண், மிகப் பெரிய எண் இரண்டையும் கேளுங்கள். −9999, 65535 போன்றவை வந்தால் வெற்றிட எண்ணை இன்னும் சொல்லவில்லை. எல்லா எண்ணும் 255க்குள் அடங்கினால் யாரோ நடுவில் சுருக்கியிருக்க வாய்ப்பு அதிகம், மூலக்கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.
3. தோட்டத்துக் குளத்துக்குப் போங்கள், திரையில்தான். தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும், எனவே தெளிந்த நீரில் அகச்சிவப்பு எண் சிவப்பு எண்ணைவிடக் குறைவாகவும், என்டிவிஐ சுழியத்துக்குக் கீழேயும் இருக்க வேண்டும். சிவப்பு 500, அகச்சிவப்பு 300 என்றால் −200 ÷ 800, அதாவது −0.25. ஆனால் கழித்தல் குறி இல்லாத 16 பிட் எண்ணாகவே வைத்துக்கொண்டு பைதானின் எண் கணக்கு நூலகமான நம்பையில் 300இலிருந்து 500ஐக் கழித்தால் −200 வராது, சுற்றிவந்து 65,336 வரும், என்டிவிஐ 81.67 என்று நிற்கும். பச்சை மரங்களில் இந்தப் பிழை தலைகாட்டவே காட்டாது, அங்கே அகச்சிவப்புதான் எப்போதும் பெரியது. எண்களை முதலில் தசம வகைக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். குளத்தில் −0.25 வந்த பிறகு மரங்களின் எண்களைப் பார்க்கத் தொடங்கலாம்.